தண்ணீர் போனது, அலாரம் ஏன் அடிக்கவில்லை? – பெரிய டீசல் இன்ஜின்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெம்பரேச்சர் அலாரம் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் 500 கேவிஏ ஜெனரேட்டரில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. அலாரம் 98 டிகிரி, ட்ரிப் (இன்ஜினைத் தானாக நிறுத்துவது) 103 டிகிரி என்று வைத்திருந்தோம். இரண்டுமே வேலை செய்யவில்லை. ஹெட் விரிசல் விட்டது, இரண்டு லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) போயின. சென்சாரைக் கழற்றிச் சோதித்தால் நன்றாகவே இருக்கிறது. இது எப்படி? (மதுரை, பராமரிப்பு மேற்பார்வையாளர்)

பதில்: சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கும். அது எதைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அந்தத் தண்ணீர்தான் இல்லை.

உங்கள் சென்சார் தெர்மோஸ்டாட் பொருந்தியிருக்கும் கூட்டுக்கு அருகில், இன்ஜினின் மேல்பகுதியில் இருக்கும். சிலிண்டர் ஹெட்டின் சூட்டைத் தண்ணீர் சுமந்து வந்து அதன் நுனியில் கொடுக்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் முதலில் காய்வது அந்த மேல்பகுதிதான். அப்புறம் அந்த நுனி காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது. ஹெட்டின் இரும்பு 200 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது கேஜ் முள் 80-இல் நின்று, சில சமயம் கீழேகூட இறங்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோஸ் வெடித்ததும் அமைப்பில் அழுத்தம் போய்விடும். அழுத்தமில்லாத வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும், அதற்கு மேல் ஏறாது. நீங்கள் ட்ரிப் வைத்திருப்பது 103. ஆக, கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தாலும் அது அந்த எண்ணைத் தொட வழியே இல்லை. தண்ணீரில் சரிபாதி கூலன்ட் (குளிர்விப்புத் திரவம்) கலந்திருந்தால் கொதிநிலை 107 வாக்கில் இருக்கும். அப்போதும் நுனி நனைந்திருந்தால்தான் பலன்.

ஃபேன் பெல்ட் அறுந்தாலோ, ரேடியேட்டர் பஞ்சுத்தூசியில் அடைத்தாலோ இதே அலாரம் ஒழுங்காக அடிக்கும். அங்கே தண்ணீர் இருக்கிறது, சூடுதான் வெளியேறவில்லை. தண்ணீர் தொலைவதைக் கண்டுபிடிக்க வேறு கருவி வேண்டும்: ரேடியேட்டர் மேல் டேங்கில் ஒரு கூலன்ட் லெவல் சென்சார். அதை அலாரத்தோடு நிறுத்தாமல் ட்ரிப்பிலேயே இணையுங்கள். தண்ணீர் அலம்புவதால் வரும் பொய் ட்ரிப்பைத் தவிர்க்க 5 முதல் 10 விநாடி தாமதம் போதும்.

செலவில்லாத சோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். ஜெனரேட்டர்களில் பரவலாக இருப்பது ஒற்றை ஒயர் சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். மறு முனை எர்த், அது இன்ஜின் பாடி வழியாகப் போகிறது. அந்த ஒயர் கழன்றால் கன்ட்ரோலருக்குத் தடை மிக அதிகமாகத் தெரியும், அதாவது "இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கிறது". கசிவை நிறுத்த மரையில் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றி மாட்டினாலும் எர்த் கெட்டு இதே கோளாறு வரும். இன்ஜின் ஓடும்போது அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். திரையில் "சென்சார் ஓபன்" என்று எச்சரிக்கை வந்தால் சரி. முள் பேசாமல் குளிர்ப்பக்கம் போய் நின்றால், ஒயர் அறுந்த நாளில் உங்கள் அலாரமும் சேர்ந்து செத்துவிடும், யாருக்கும் தெரியாது. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஒயர் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. அதை இயக்கத்தில் வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: கப்பலில் ஆறு சிலிண்டர் ஆக்ஸிலியரி (துணை) இன்ஜின். மூன்றாவது சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் டீவியேஷன் அலாரம் அடிக்கடி வருகிறது. டீவியேஷன் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (தூத்துக்குடி, இளநிலைக் கப்பல் பொறியாளர்)

பதில்: எல்லாச் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் சூட்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதுதான் டீவியேஷன். முழு லோடில் 50 டிகிரி கூடினாலோ குறைந்தாலோ அலாரம் என்பது பரவலான செட்டிங். குறைந்த லோடில் எல்லை அகலமாக இருக்கும், அல்லது அலாரமே தடுக்கப்பட்டிருக்கும். எரிபொருள் துளியளவாகத் தெளிக்கும்போது சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு இயல்பு.

கெட்ட சிலிண்டரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஐந்து சிலிண்டர் 380, ஒன்று 450 என்றால் சராசரி 392, விலகல் 58. உண்மையான வித்தியாசம் 70 ஆனாலும் கருவி சொல்வது 58. மூன்று சிலிண்டர் இன்ஜினாக இருந்தால் இதே கோளாறுக்குச் சராசரி 403 ஆகும், விலகல் 47. அங்கே அலாரமே வராது.

இதன் மறுபக்கம்: ஐந்து சிலிண்டருக்கும் ஒரே நொடியில் "அதிகம்" என்று அலாரம் வந்தால் ஆறாவதைப் பாருங்கள். அதன் ஒயர் ஷார்ட் ஆகியோ டெர்மினல் கழன்றோ அளவு பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும். சராசரி 317-க்கு இறங்க, நன்றாக இருக்கும் ஐந்தும் 63 டிகிரி கூடியதாகத் தெரியும். கெட்ட சென்சாரைச் சராசரியிலிருந்து ஒதுக்கிவிடும் அமைப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் மூன்றாவது சிலிண்டருக்கு வருவோம். ஜங்ஷன் பாக்ஸில் 3, 4 ஆகியவற்றின் தெர்மோகப்பிள் (சூட்டைச் சிறு மின்னழுத்தமாக்கும் சென்சார்) இணைப்பை இடம் மாற்றுங்கள். அதற்கு முன் ட்யூட்டியில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், எண்கள் மாறித் தெரியும். அதிக அளவு இப்போது 4-இல் தெரிந்தால் கேபிளும் பேனலும் சரி, கோளாறு தெர்மோகப்பிளிலோ சிலிண்டரிலோ. அளவு 3-லேயே நின்றால் பெட்டியிலிருந்து பேனல் வரையில் தேடுங்கள். அடுத்த முறை இன்ஜின் நிற்கும்போது தெர்மோகப்பிளையே இடம் மாற்றினால் மிச்சச் சந்தேகமும் தீரும்.

எக்ஸாஸ்ட்டில் இருப்பது கே டைப் தெர்மோகப்பிள். டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட், 400 டிகிரியில் சுமார் 16.4 மில்லிவோல்ட் தரும். அதிலிருந்து பேனல் வரை அதற்கே உரிய கேபிள் வேண்டும். யாராவது அவசரத்துக்குச் சாதாரணத் தாமிரக் கேபிளை ஒட்டியிருந்தால், இணைப்பு இருக்கும் இடத்தின் சூட்டுக்கும் பேனல் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவில் குறைந்துவிடும். இணைப்பிடம் 80, அறை 30 என்றால் 50 டிகிரி குறைத்துக் காட்டும். அலாரம் வர வேண்டிய சிலிண்டர் ஊமையாகிவிடும்.

சென்சார் சரி, சூடு உண்மை என்று தெரிந்த பிறகு இண்டிகேட்டரில் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) உச்ச அழுத்தம் எடுங்கள். எக்ஸாஸ்ட் சூடு அதிகம், உச்ச அழுத்தமும் அதிகம் என்றால் அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் கூடுதலாகப் போகிறது. சூடு அதிகம், அழுத்தம் குறைவு என்றால் எரிவது தாமதமாகிறது அல்லது வாயு கசிகிறது: எரிபொருள் தெளிக்கும் நாசில் சொட்டுவது, எரிபொருள் பம்ப் டைமிங் பிந்துவது, எக்ஸாஸ்ட் வால்வு சீட் கருகுவது. இந்த மூன்றில் நாசிலை முதலில் மாற்றிப் பாருங்கள், வேலை சுலபம், அதிகம் கெடுவதும் அதுதான். ஒரே சிலிண்டர் குளிர்ந்தால் பம்ப் ப்ளஞ்சர் இறுகியதா என்று பாருங்கள். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து ஏறினால் டீவியேஷன் அலாரம் மௌனமாக இருக்கும், சராசரியும் கூடவே ஏறுமல்லவா! அப்போது காற்றுப் பக்கம்: டர்போ அழுக்கு, ஃபில்டர், ஏர் கூலர்.

எக்ஸாஸ்ட் எண்களைச் சமமாக்க ஃப்யூல் ரேக்கை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) திருகும் பழக்கம் மட்டும் வேண்டாம். எக்ஸாஸ்ட் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் நல்ல இன்ஜினிலேயே சிலிண்டர்களுக்குள் 20, 30 டிகிரி வேறுபாடு இருக்கும். தொழிற்சாலை சோதனைப் பதிவில் எந்தச் சிலிண்டர் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுவதுதான் சரி.

கேள்வி: அலாரம் அடிக்கடி தொந்தரவு செய்கிறது. செட்டிங்கை ஐந்து டிகிரி ஏற்றிவிடலாமா? (ஓசூர்)

பதில்: கூடாது. அளவு எல்லைக்கோட்டிலேயே நின்று அலாரம் விட்டு விட்டு அடிக்கிறது என்றால், அடிக்கும் எண்ணுக்கும் அடங்கும் எண்ணுக்கும் இடையே 2, 3 டிகிரி இடைவெளி இருக்கிறதா, சில விநாடித் தாமதம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தும் அடித்தால் இன்ஜின் உண்மையிலேயே சூடாகிறது.

கேள்வி: எங்கள் நூற்பாலையின் பெரிய ஜெனரேட்டர் செட்டில் மெயின் பேரிங் (கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்குவது) ஒன்றின் சூட்டு அளவு 78-இலிருந்து திடீரென்று 120-க்குத் தாவி இன்ஜினை நிறுத்திவிடுகிறது. திறந்து பார்த்தால் பேரிங் புதிதாகவே இருக்கிறது. மழை நாளில் அதிகம் வருவது போலவும் தோன்றுகிறது. (உடுமலைப்பேட்டை, மின்பிரிவு)

பதில்: அத்தனை கனமான இரும்பு ஒரு விநாடியில் 40 டிகிரி ஏறாது. தாவுவது மின்தடை. ஆனால் முதல் தடவை நிற்கும்போது அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு ஆயில் ஃபில்டரில் உலோகத்துகள் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நீங்கள் திறந்து பார்த்தது வீண் வேலை அல்ல.

பேரிங்கில் இருப்பது பிடி 100 சென்சார், சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினக் கம்பி. 0 டிகிரியில் 100 ஓம், 50-இல் 119.4, 80-இல் 130.9, 100-இல் 138.5, 120-இல் 146.1. டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம்தான். இந்தச் சின்ன எண்தான் உங்கள் தலைவலி. டெர்மினல் தளர்ந்து வெறும் 5 ஓம் கூடினாலே 13 டிகிரி ஏறிவிடும், 16 ஓம் கூடினால் 120.

மூன்று ஒயர் பிடி 100-இல் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. ட்ரிப்பைத் தற்காலிகமாக முடக்குவதற்கு முன் இன்ஜினை நிறுத்திவிட்டு, பேனலில் மூன்றையும் கழற்றி மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். சிவப்புக்கும் சிவப்புக்கும் இடையே போய்வரும் ஒயரின் தடை மட்டும், ஓரிரு ஓம். ஒரு சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சென்சாரும் ஒயரும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சென்சாரின் உண்மைத் தடை. இன்னொரு சிவப்பை வைத்தும் இதையே அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சிவப்பில் மட்டும் இணைப்பு மோசம். மூன்று ஒயர் முறை ஒயரின் தடையைச் சரிக்கட்டுவது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்வரைதான். அளக்கும்போதே ஒருவரை ஜங்ஷன் பாக்ஸ் கேபிளை அசைக்கச் சொல்லுங்கள். அதிகம் அறுவது கிராங்க்கேஸிலிருந்து (கிராங்க்ஷாஃப்ட் சுழலும் அடிக்கூடு) ஒயர் வெளியே வரும் கிளாண்டுக்குப் (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் துளை) பக்கத்தில். அங்கே ஒயரைச் சற்றுத் தளர விட்டு, அதிராதபடி கிளிப் போட வேண்டும்.

மழை பற்றி: ஈரம் இறங்கினால் சென்சாருக்குப் பக்கவாட்டில் இன்னொரு மின்பாதை உண்டாகும், தடை குறையும். 80 டிகிரியில் 10,000 ஓம் கசிவு இருந்தால் அளவு நாலு டிகிரிக்கு மேல் இறங்கும். ஆக, நேரடி ஈரம் குறைத்துக் காட்டுமே தவிர ஏற்றாது. மழைநாளில் ஏறுகிறது என்றால் துருப்பிடித்த டெர்மினலைத் தேடுங்கள்.

இத்தகைய செட்களில் மெயின் பேரிங்குக்கு 100-இல் அலாரம், 120-இல் ட்ரிப் என்பது பரவலான செட்டிங். கன்ட்ரோல் அமைப்பு அனுமதித்தால், பிடி 100 சென்சாரின் அளவு ஒரே நொடியில் தாவும்போது அதைச் "சென்சார் கோளாறு" என்று பிரித்தறியும் வசதியைப் போடுங்கள். ட்ரிப்பையே துண்டித்துவிட்டு ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டிய செட்களின் கிராங்க்ஷாஃப்ட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்பும் செலவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கேள்வி: பழைய டபிள்யூடிஎம் 2 ரயில் இன்ஜினில் "ஹாட் இன்ஜின்" மணி அடிக்கும், ஆனால் இன்ஜின் நிற்காது என்கிறார்கள். ஜெனரேட்டரிலோ நின்றுவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? (ஈரோடு, டிப்ளமோ மாணவர்)

பதில்: பொன்மலை, ஈரோடு டீசல் ஷெட்களில் பல ஆண்டுகள் ஓடிய 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் இன்ஜின் அது. தண்ணீர் சூட்டுக்கு அதில் மூன்று ஸ்விட்ச். 64 டிகிரியில் ரேடியேட்டர் ஃபேன் மெதுவாகச் சுழலும், 68-இல் முழு வேகம். மூன்றாவது 85-இல், பிறகு 90-ஆக மாற்றப்பட்டது, மணியும் சிவப்பு விளக்கும் மட்டும். அதே இன்ஜினில் தண்ணீர் மட்டம் குறைந்தால் லோ வாட்டர் ஸ்விட்ச் இன்ஜினை நிறுத்தியே விடும்.

வடிவமைத்தவர்களின் கணக்கு தெளிவு. தண்ணீர் பம்பை ஓட்டுவது இன்ஜின்தான். சூடான இன்ஜினைச் சட்டென்று நிறுத்தினால் பம்பும் நிற்கும். பிஸ்டனிலும் லைனரிலும் தேங்கிய சூடு அசையாத தண்ணீரில் இறங்கி, அங்கங்கே அதைக் கொதிக்க வைக்கும். தண்ணீர் இருக்கும்வரை லோடை எடுத்துவிட்டு ஓடவிடுவதே குளிரவைக்கும் வழி. ரயிலின் சக்கரங்களுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் ஃபீல்டைத் துண்டித்து, சுமையில்லாமல் த்ராட்டிலைச் சற்று ஏற்றினால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும். தண்ணீரே இல்லையென்றால் ஓட்டுவதில் பயனில்லை, அதனால் நிறுத்தம். ரயிலில் பக்கத்திலேயே டிரைவர் இருக்கிறார். ஜெனரேட்டர் அறையில் நள்ளிரவில் யாரும் இருப்பதில்லை, அதனால் அதற்கு ட்ரிப்.

கப்பலில் இரண்டுக்கும் நடுவே ஒரு படி வைத்தார்கள்: வேகக் குறைப்பு. பெரிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் த்ரஸ்ட் பேரிங்குக்கு (ப்ரொப்பெல்லரின் தள்ளுவிசையைத் தாங்குவது) வழக்கமான எண்கள் 75-இல் அலாரம், 80-இல் வேகக் குறைப்பு, 90-இல் நிறுத்தம். சிலிண்டரைச் சுற்றும் தண்ணீருக்கு 90-இல் அலாரம், 95-இல் வேகக் குறைப்பு, நிறுத்தம் கிடையாது. நெருக்கடியான கால்வாயில் இன்ஜின் நின்றால் கப்பலே போய்விடும் அல்லவா?

கேள்வி: பேரிங்குக்கு டெம்பரேச்சர் சென்சார் இருக்கும்போது ஆயில் மிஸ்ட் டிடெக்டர் எதற்கு? (சென்னை, மெரைன் மாணவி)

பதில்: சென்சார் தான் பொருந்தியிருக்கும் பேரிங்கை மட்டும் அறியும். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் ஓரம் உரசினால் அதற்கு ஒயர் இழுக்க முடியாது. எங்கே உரசினாலும் சூடான இடத்தில் ஆயில் ஆவியாகி, குளிர்ந்து, வெண்புகையாகக் கிராங்க்கேஸ் முழுவதும் பரவும். அதைத்தான் மிஸ்ட் டிடெக்டர் பார்க்கிறது. லிட்டர் காற்றில் 50 மில்லிகிராம் வந்தால் அந்தப் புகை வெடிக்கும். அலாரம் அதன் இருபதில் ஒரு பங்கு, 2.5 மில்லிகிராமுக்குள் அடிக்க வேண்டும்.

1947 செப்டம்பரில் ரெய்னா டெல் பசிஃபிகோ கப்பலின் சோதனை ஓட்டத்தில் ஒரு பிஸ்டன் சூடாகிக் கிராங்க்கேஸ்கள் வெடித்தன, 28 பேர் இறந்தார்கள். இன்றைய சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி, ஆள் இல்லாமல் இயங்கும் இன்ஜின் அறையில் 2,250 கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள, அல்லது சிலிண்டர் விட்டம் 300 மில்லிமீட்டரைத் தாண்டிய இன்ஜினுக்கு மிஸ்ட் டிடெக்டரோ பேரிங் டெம்பரேச்சர் கண்காணிப்போ கட்டாயம்.

மிஸ்ட் அலாரம் வந்தால் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள், கிராங்க்கேஸ் கதவுகளுக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம். ஆயில் பம்ப் ஓடட்டும். குறைந்தது 20 முதல் 30 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. உள்ளே புகை செறிந்து தீப்பிடிக்க முடியாத நிலையில் இருக்கும்போது கதவைத் திறந்து காற்றை விட்டால், அதை வெடிக்கும் விகிதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்களே ஆவீர்கள். லென்ஸ் அழுக்கானாலும், ஆயிலில் தண்ணீர் கலந்தாலும் பொய் அலாரம் வரும். அதையும் இன்ஜின் ஆறிய பிறகுதான் ஆராய வேண்டும்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டரின் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். 93 டிகிரிதான் காட்டுகிறது, 98-இல் அடிக்க வேண்டிய அலாரம் அடிக்கவில்லை. சென்சாரை மாற்றலாமா? (உதகமண்டலம்)

பதில்: மாற்ற வேண்டாம், அது சரியாகச் சொல்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். உங்கள் ஊரில் தண்ணீர் 92.5 வாக்கில் கொதித்துவிடுகிறது.

சோதிக்க, தண்ணீருக்குப் பதில் பாத்திரத்தில் புது இன்ஜின் ஆயிலை ஊற்றி மெல்லிய சூட்டில், வெளியிடத்தில் வையுங்கள். சென்சாரின் நுனி மரை வரை முழுகட்டும், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. பக்கத்திலேயே நம்பகமான தெர்மாமீட்டர். கிளறிக்கொண்டே, நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி ஏறும்படி மெதுவாகச் சூடாக்குங்கள். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதன் பாடியிலிருந்து இன்ஜின் பாடிக்கு ஒரு ஒயர் போட மறக்காதீர்கள். அலாரம் அடித்த எண்ணையும், ஆறும்போது அடங்கிய எண்ணையும் குறித்து வையுங்கள். தெர்மாமீட்டரோடு 2 டிகிரிக்குள் ஒத்துப்போனால் போதும்.

உங்கள் உண்மையான பிரச்சினை ரேடியேட்டர் மூடி. 0.5 பார் மூடி நன்றாக இருந்தால் உங்கள் ஊரில் தண்ணீர் 106 வரை கொதிக்காது, 98 அலாரத்துக்கு இடம் உண்டு. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் 92.5-லேயே கொதித்து ஆவியாக வெளியேறும். 98 வருவதற்கு முன் தண்ணீரே போய்விடும். மூடியை அழுத்தச் சோதனை பம்பில் மாட்டிப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் புதிது போடுங்கள். சரிபாதி கூலன்ட் கலவையும் ஊற்றுங்கள், கொதிநிலை இன்னும் ஏழெட்டு டிகிரி ஏறும். மூடியைத் திறப்பது தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு மட்டும்.